கொரோனா காலத்தில் வீடியோவில் தோல் டாக்டர்: ஜனங்கள் ஏன் பாதிதான் நம்பினார்கள்?

கொரோனா காலத்து ஆன்லைன் வைத்தியத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், "டாக்டருங்க ரெடியாத்தான் இருந்தாங்க, நம்ம ஜனங்கதான் தயங்கினாங்க" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். தோல் வைத்தியத்தை மட்டும் எடுத்துப் பார்த்தாலே இது சரியில்லை என்று தெரியும். டாக்டர்களும்தான் தயங்கினார்கள், அதற்கு அவர்களிடம் நல்ல காரணமும் இருந்தது. ரத்னகிரியில் பிரசவத்துக்குப் பின் ஒரு பெண் இறந்துபோன வழக்கில், நேரில் வராமல் போனிலேயே சிகிச்சை சொன்ன மருத்துவர்களுக்கு முன்ஜாமீன் தர முடியாது என்று 2018 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்த வழக்குக்கும் தோலுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் "போனில் மருந்து சொன்னால் நாளைக்குப் பிரச்சினை வரும்" என்கிற பயம் எல்லாத் துறை டாக்டர்களுக்கும் பரவிவிட்டது.

அப்புறம் 2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிப்பு வந்தது. மறுநாள், மார்ச் 25 தேதியிட்டு, மத்திய சுகாதார அமைச்சகத்தின் டெலிமெடிசின் நெறிமுறைகள் வெளியாயின. பதிவுபெற்ற எந்த டாக்டரும் வீடியோவிலோ, போன் பேச்சிலோ, எழுத்துச் செய்தியிலோ நோயாளியைப் பார்க்கலாம், எந்த வழியில் பார்த்தால் எந்த மருந்தெல்லாம் எழுதலாம் என்று அதில் பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். ஏப்ரல் நடுவில் மத்திய அரசின் இ-சஞ்சீவனி ஓபிடி வந்தது. மொஹாலியில் இருக்கும் சி-டாக் என்ற மத்திய அரசின் கணினி ஆய்வு மையம் உருவாக்கியது, வீட்டிலிருந்தே இலவசமாக டோக்கன் போட்டு டாக்டரிடம் பேசலாம். அந்த வருஷம் ஆகஸ்ட் இரண்டாவது வாரத்தில், இ-சஞ்சீவனியில் அதுவரை நடந்த ஆலோசனைகள் நாடு முழுக்க 1.5 லட்சத்தைத் தொட்டபோது தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது, 32,000 ஆலோசனைகளோடு. ஆக, நம் ஊர்க்காரர்களுக்குத் திரையில் டாக்டரைப் பார்ப்பதே பிடிக்காது என்று சொல்லிவிட முடியாது. பிறகு எதில்தான் தயக்கம் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவிலும் நிலவரம் பெரிதாக வேறுபடவில்லை. கொரோனாவுக்கு முன்பு அங்கே தோல் டாக்டர்களில் நூற்றுக்கு 14 பேர்தான் தொலைவழி வைத்தியம் பார்த்திருந்தார்கள். தொற்று வந்த பிறகு அது 97 ஆனது. இத்தனைக்கும் தொலைவழித் தோல் வைத்தியத்துக்கு டெலிடெர்மட்டாலஜி என்ற பெயரே 1995 முதல் இருக்கிறது. கால் நூற்றாண்டாக எட்டிப் பார்க்காதவர்கள் கிளினிக்கைப் பூட்ட வேண்டி வந்ததும் சில வாரங்களில் உள்ளே வந்துவிட்டார்கள். இதற்கு "ஏற்பு" என்று பெயர் வைக்கிறார்கள், எனக்கென்னவோ வேறு வழியில்லை என்பதுதான் பொருத்தமாகப் படுகிறது.

எல்லா வைத்தியத்திலும் தோல் வைத்தியம்தான் தொலைவழிக்கு ஏற்றது என்று புத்தகங்கள் சொல்லும். நோய் கண்ணுக்குத் தெரிகிறது, நல்ல படம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. செய்யும் விதம் இரண்டு. படம் எடுத்து அனுப்பிவிட்டால் டாக்டர் நேரம் கிடைக்கும்போது பார்த்துப் பதில் சொல்வது ஒன்று, வீடியோவில் நேருக்கு நேர் பேசுவது இன்னொன்று. இதில் வேடிக்கை என்னவென்றால், தோலுக்கு வீடியோவைவிடப் படம்தான் பெரும்பாலும் மேல். வீடியோவில் கை ஆடும், நெட் இழுக்கும், நிறம் வெளுக்கும். ஆனால் 2020 நெறிமுறைகளின்படி முதல் முறை வரும் நோயாளிக்கு பூஞ்சைக்கான குளோட்ரிமசோல், சீழ்ப்புண்ணுக்கான முபிரோசின், அரிப்புக்கான காலமைன் லோஷன், சிரங்குக்கான பென்சைல் பென்சோயேட் போன்றவற்றை எழுத வேண்டுமென்றால் வீடியோவில் பார்த்திருக்க வேண்டும். வெறும் படம், மெசேஜ் என்றால் கடையில் சீட்டில்லாமல் கிடைக்கிற வகை மருந்துகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். பழைய நோயாளி அதே நோய்க்குத் திரும்ப வந்தால் எந்த வழியானாலும் மருந்தை நீட்டிக்கொடுக்கலாம். ஏமாற்று வேலைகளைத் தடுக்க இந்த விதி தேவைதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அழகாகப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, "அப்புறம் எதுக்கு டாக்டர் வீடியோவுல வரச் சொல்றாரு, ஃபீஸ் வாங்கவா?" என்று கேட்டவர்களுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்லவில்லை.

ஃபீஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. சந்தேகங்களிலேயே மிக வெளிப்படையானது இதுதான். கிளினிக்கில் ஒரு மணி நேரம் காத்திருந்து, உள்ளே போய் மூன்றே நிமிஷம் பார்த்துவிட்டு வந்தாலும், கம்பவுண்டரிடம் 500 ரூபாய் கொடுக்கும்போது யாரும் கேள்வி கேட்பதில்லை. அதே மூன்று நிமிஷம் போனில் என்றால், அதுவும் ஜிபேயில் முன்கூட்டியே போட வேண்டும் என்றால், "ஒரு போட்டோதானே பாத்தாரு" என்று மனசு அடித்துக்கொள்ளும். மக்கள் காசு கொடுப்பது டாக்டரின் தீர்ப்புக்கு என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் இடம், மேஜை, விளக்குப் போட்டுக் குனிந்து பார்ப்பது, பேனாவால் எழுதுவது எல்லாம் சேர்ந்த ஒரு நிகழ்ச்சிக்குத்தான் கொடுக்கிறார்கள். தெரிந்தவர், சொந்தக்காரர் என்று யாராவது தோல் டாக்டராக இருந்துவிட்டால் அவர் கதி இன்னும் மோசம். 2020ல் அப்படிப்பட்டவர்களின் வாட்ஸாப்பில் காலையில் குட்மார்னிங் படங்களுக்கு நடுவே யாரோ ஒருவருடைய தொடை வந்து நிற்கும், கீழே "இது என்னனு பாருங்க தம்பி" என்று ஒரு வரி. வயசு, எத்தனை நாளாக இருக்கிறது, என்ன போட்டார்கள், எதுவும் இருக்காது.

தொற்றுக் காலத்தில் பல நாடுகளில் இதைப் பற்றி நோயாளிகளிடம் கருத்துக் கேட்டார்கள். கிடைத்த சித்திரம் பெரும்பாலும் ஒன்றுதான்: பயன்படுத்தியவர்களில் அதிகம் பேருக்குத் திருப்தி, அலைச்சலும் நேரமும் மிச்சம், தொற்றுப் பயம் இல்லை. ஆனால் இது நேரில் போவதற்கு ஈடா என்று கேட்டால் நிறையப் பேர் இல்லை என்றார்கள். முதல் முறை என்றால் நேரில்தான் போவோம், அடுத்தடுத்த முறைக்குப் போன் போதும் என்ற பதிலும் அடிக்கடி வந்தது. எனக்கு இந்தக் கணக்கெடுப்புகளிடம் ஒரு புகார் உண்டு. இவற்றில் பல, ஏற்கெனவே அந்தச் சேவையைப் பயன்படுத்தி முடித்தவர்களிடம், அதுவும் இணையப் படிவம் வழியாகக் கேட்கப்பட்டவை. ஸ்மார்ட்போன் இல்லாதவர், இருந்தும் படிவம் நிரப்பத் தெரியாதவர், ஒரு முறை முயன்று லைன் கிடைக்காமல் விட்டவர், இவர்கள் யாரும் கணக்கில் வருவதில்லை. திருமண மண்டபத்தில் சாப்பிட்டு எழுந்தவரிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டுவிட்டு, பந்தியில் இடம் கிடைக்காமல் போனவரை விட்டுவிட்ட கதைதான்.

அந்த விடுபட்டவர்கள் எங்கே போனார்கள்? மெடிக்கல் ஷாப்புக்கு.

நம் ஊரில் ஆன்லைன் டாக்டருக்கு எதிர்க்கடை கிளினிக் அல்ல, தெருமுனை மருந்துக்கடை. ஊரடங்கில் பஸ் ஓடவில்லை, மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும், அரசு மருத்துவமனைகளில் பல வார்டுகள் கொரோனாவுக்குப் போய்விட்டன, தோல் பிரிவு டாக்டர்களுக்கும் கொரோனா டியூட்டி போட்டார்கள். ஆனால் மருந்துக்கடை திறந்திருந்தது. "அண்ணே, தொடையிடுக்குல அரிப்பு, ஏதாவது க்ரீம் குடுங்க" என்றால் பூஞ்சை மருந்து, அழற்சியை அடக்குகிற ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக் மூன்றையும் கலந்த ட்யூப் ஒன்று கிடைத்துவிடும், விலையும் டாக்டர் ஃபீஸில் கால்வாசி இருக்காது. 2018லேயே பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தாயிற்று. இந்தியத் தோல் மருத்துவர் சங்கமும் ஸ்டீராய்டு க்ரீம்களுக்கு எதிராகப் பல வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறது. கவுன்டரில் எதுவும் மாறவில்லை.

அந்த ட்யூப் செய்கிற வேலையைப் புரிந்துகொண்டால் மக்களின் மனநிலையும் புரியும். போட்ட இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பு மங்கும். நோயாளிக்கு இது வெற்றி. உள்ளே பூஞ்சை நிம்மதியாகப் பரவும், நிறுத்தினால் முன்னைவிட அகலமாக வரும், திரும்ப அதே ட்யூப். சில மாதத்தில் தொடையில் தோல் மெலிந்து கோடு கோடாக விரிசல் விழும், முகத்தில் பூசியவர்களுக்கு முகம் எரியும், முடி முளைக்கும். இந்தியாவில் படர்தாமரை கடந்த பத்துப் பதினைந்து வருஷமாக அடங்காத நோயாக மாறியதற்கு இந்தப் பழக்கத்தையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். வழக்கமான மாத்திரைக்கே பல சமயம் மசியாத அந்தப் பூஞ்சை வகைக்கு ட்ரைகோஃபைட்டான் இண்டோட்டினியே என்று தனிப் பெயர் வைத்ததும் அதே 2020ல்தான், பெயரிலேயே இந்தியா இருக்கிறது. இப்படிப்பட்ட படை கடைசியில் வீடியோவில் வந்து நிற்கும்போது அதற்கு விளிம்பும் இருக்காது, வட்டமும் இருக்காது, பாடப்புத்தகப் படை மாதிரியே இருக்காது. டாக்டர் "சுரண்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கணும், நேரில் வாங்க" என்பார். உடனே வரும் பதில்: "பாத்தியா, போன்ல எல்லாம் தோல் வைத்தியம் ஆகாதுன்னு அப்பவே சொன்னேன்." போனில் வைத்தியம் பார்க்க முடியாதபடி அதைக் கெடுத்தது அந்த ட்யூப், பழி போனுக்குப் போகும்.

சரி, படம் எடுக்கிற விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் நம்பிக்கையின் பெரும்பகுதி அங்கேதான் உடைந்தது. முதுகில் ஒரு படை. அம்மா திரும்பி உட்கார்ந்திருக்கிறார், மகன் போனைப் பிடித்திருக்கிறான், மேலே டியூப் லைட். முதல் படத்தில் போன் ஃபோகஸ் பண்ணியது பின்னால் இருக்கும் பூப்போட்ட பெட்ஷீட்டை. இரண்டாவதில் ஃபிளாஷ் அடித்து, எண்ணெய் தடவிய முதுகு முழுக்கப் பளபள. மூன்றாவதில் படை மட்டும் திரை முழுக்க, அது தோளா இடுப்பா என்றே தெரியாது. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்திருந்தால் அளவு தெரிந்திருக்கும், யாரும் சொல்லவில்லை. நம் ஊரில் விற்கிற போன்கள் பலவற்றில் செல்ஃபி கேமராவில் பியூட்டி மோட் தானாகவே இயங்கும், அது முகப்பருவைத் துடைத்துவிட்டுத்தான் படத்தையே எடுக்கும். அப்புறம் வாட்ஸாப் தன் பங்குக்குப் படத்தைச் சுருக்கும் (டாகுமெண்டாக அனுப்பினால் சுருங்காது, இது இன்றைக்கும் பலருக்குத் தெரியாது). இத்தனையும் தாண்டி டாக்டரிடம் போய்ச் சேர்ந்த படத்தைப் பார்த்து அவர் "க்ளியரா இல்லம்மா" என்றால், அம்மாவுக்கு அது "இவருக்குத் தெரியல" என்றுதான் கேட்கும்.

நம் தோலின் நிறமும் இதில் ஒரு விஷயம். வெள்ளைத் தோலில் வீக்கம், அழற்சி எல்லாம் சிவப்பாகத் தெரியும். மாநிறத்திலும் கறுப்பிலும் அதே அழற்சி ஊதா கலந்த பழுப்பாகவோ, சும்மா கொஞ்சம் அடர்ந்த கறுப்பாகவோதான் தெரியும், மோசமான வெளிச்சத்தில் அதுவும் தெரியாது. தோல் மருத்துவப் பாடப்புத்தகப் படங்களில் பெரும்பங்கு வெள்ளைத் தோல்தான் என்கிற குறையை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் டாக்டர்களே இப்போது பேசுகிறார்கள். நேரில் என்றால் டாக்டர் விரலால் தடவிச் சூட்டையும் மேட்டையும் உணர்ந்துவிடுவார். படத்தில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

அதனால்தான் "தொட்டுக்கூடப் பாக்கல, எப்படி மருந்து எழுதுறாரு?" என்ற கேள்வியைப் பாமரத்தனம் என்று ஒதுக்க எனக்கு மனசில்லை. தொழுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். வெளுத்த ஒரு தேமல் மாதிரிப் படை. அது தேமலா, தொழுநோயா என்று முடிவு செய்ய அந்த இடத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பஞ்சாலோ வேறெதாலோ தொட்டுப் பார்க்க வேண்டும், முழங்கைப் பக்கம் நரம்பு தடித்திருக்கிறதா என்று விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். எந்தக் கேமராவாலும் இது முடியாது. 2019-20ல் இந்தியாவில் புதிதாகக் கண்டறியப்பட்ட தொழுநோயாளிகள் 1,14,000க்கு மேல், 2020-21ல் அது 65,000 சொச்சமாக இறங்கியது. நோய் ஒரே வருஷத்தில் பாதியாகிவிடவில்லை, வீடு வீடாகப் போய்த் தேடுகிறவர்களும் மருத்துவமனைக்கு வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். இந்த இடைவெளியைத் திரையால் நிரப்பியிருக்க முடியாது. மேலை நாடுகளில் இதே கவலை மெலனோமா என்கிற தோல் புற்றுநோயைப் பற்றி இருந்தது. ஒரு மச்சத்தைக் காட்ட வருகிறவரின் முதுகில் அவரே பார்த்திராத இன்னொரு மச்சத்தை டாக்டர் கண்டுபிடிப்பது நேரில்தான் நடக்கும். போனில் நோயாளி எதைக் காட்டுகிறாரோ அதை மட்டும்தான் டாக்டர் பார்க்க முடியும்.

ஆனால் இதற்கு நேர் எதிரான நோய்களும் உண்டு, அவற்றைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. காணாக்கடி ராத்திரி பத்து மணிக்கு உடம்பெல்லாம் தடித்துக்கொண்டு வரும், மறுநாள் கிளினிக்கில் உட்காரும்போது தோல் சுத்தமாக இருக்கும். "நேத்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும் டாக்டர்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவர்களுக்குப் போன் கேமரா வரப்பிரசாதம். கொரோனாவே கொண்டுவந்த தொல்லைகளும் இப்படித்தான். சானிடைசரும் சோப்பும் போட்டுப் போட்டு வெடித்த கைகள், மாஸ்க்குக்குள் வந்த பரு, மூக்குத்தண்டில் விழுந்த தழும்பு. காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி கொட்டும்போது பயந்து அழைத்தவர்கள் ஏராளம். பெரிய காய்ச்சல் எதற்குப் பிறகும் அப்படிக் கொட்டும், சில மாதத்தில் பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். அங்கே டாக்டர் செய்ய வேண்டிய பெரிய வேலை அதைச் சொல்வதுதான், அதற்குப் போன் தாராளமாகப் போதும். முதல் முறை ஆன்லைனில் பார்த்தது இப்படி ஒரு விஷயத்துக்காக என்றால் "நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். முதல் முறையே பழைய படர்தாமரை என்றால் "வேஸ்ட்" என்றார்கள். இரண்டு பேருமே தங்கள் அனுபவத்தைச் சரியாகத்தான் சொன்னார்கள்.

ஏற்கெனவே ஒரு டாக்டரிடம் காட்டிக்கொண்டிருந்தவர்கள் தனி ரகம். தோல் செதில் செதிலாக உரிகிற சோரியாசிஸுக்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுகிறவர்களை நினைத்துப் பாருங்கள். நோய் எதிர்ப்பைக் கட்டுப்படுத்துகிற மருந்து என்று எங்கோ படித்துவிட்டு, கொரோனா வந்துவிடும் என்ற பயத்தில் தாங்களாகவே நிறுத்தியவர்கள் உண்டு, நிறுத்தி நோய் கிளம்பியவர்களும் உண்டு. இவர்களுக்கு டாக்டரின் குரல் ஏற்கெனவே பழக்கம், அவருக்கும் இவர்கள் தோலும் ஃபைலும் பழக்கம். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பினால் "அதே அளவு தொடருங்க" என்று பதில் வந்துவிடும். திருப்திப்பட்டவர்களில் இவர்கள்தான் அதிகம் இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம். போனுக்குள் வருவதற்கு முன்பே நேரில் உண்டான நம்பிக்கை அது.

இன்னொன்று, கூச்சம். தோல் நோய் நம் ஊரில் வெறும் நோயில்லை, கல்யாணப் பேச்சை நிறுத்தும், பக்கத்தில் உட்காருகிறவரை நகர வைக்கும். தோல் டாக்டர் கிளினிக் வாசலில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவாரோ என்று பக்கத்து ஊருக்குப் போய்க் காட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். வெண்புள்ளி உள்ள பெண்ணுக்கு வீட்டிலிருந்தபடியே காட்டலாம் என்பது பெரிய விடுதலை. ஆனால் மார்புக்குக் கீழே, தொடையிடுக்கில் இருக்கிற படையை யார் படம் எடுப்பது? ஒரே போன் உள்ள வீட்டில் அந்தப் படம் கேலரியில் இருக்கும், அதே போனில்தான் பையனுக்கு ஆன்லைன் கிளாஸ். எடுத்தவுடன் டெலிட் செய்தாலும் கூகுள் போட்டோஸில் ஏறியிருக்குமோ, டாக்டர் போனில் இருக்குமோ, அவர் போனை வேறு யார் பார்ப்பார்களோ என்ற கேள்விகள் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தரங்க உறுப்பில் புண் என்றால் கேட்கவே வேண்டாம். எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, டாக்டர் வீடியோவில் காட்டச் சொன்னதும் லைனை வெட்டிவிட்டு, ஊரடங்கு தளரும்வரை கற்றாழை தடவிக்கொண்டிருந்தார். பெண் டாக்டர் என்று முன்பே தெரிந்திருந்தால் காட்டியிருப்பேன் என்று பிறகு சொன்னார். டாக்டர்கள் பக்கமும் இதே சங்கடம் உண்டு, ஆண் டாக்டர் கிளினிக்கில் என்றால் நர்ஸைக் கூட நிறுத்திக்கொள்வார், வீடியோவில் மறுமுனையில் யார் இருக்கிறார்கள், எதைப் பதிவு செய்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது.

தொற்று அடங்கியதும் மக்கள் கிளினிக் வாசலுக்குத் திரும்பிவிட்டார்கள். நெறிமுறைகளோ இ-சஞ்சீவனியோ போகவில்லை, இரண்டும் இருக்கின்றன. தோல் டாக்டர்கள் பலர் இப்போது தாங்களாகவே ஒரு வழக்கத்துக்கு வந்திருக்கிறார்கள்: முதல் முறை நேரில், மறுமுறை வேண்டுமானால் படத்தோடு போனில், மாத்திரை சாப்பிட்டு வாயெல்லாம் புண்ணாகித் தோல் உரிகிறது என்றால் போனை வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு. அந்தக் கருத்துக்கணிப்புகளில் நோயாளிகள் சொன்ன பாகுபாடும் ஏறக்குறைய இதேதான். ஆனால் முதல் முறை நேரில் என்று சொல்ல அருகில் ஒரு தோல் டாக்டர் இருக்க வேண்டும், அவர்கள் பெரும்பாலும் பெரிய ஊர்களில்தான் இருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸோ டாக்டரோ நேரில் தொட்டுப் பார்த்து, ஒழுங்காகப் படம் எடுத்து, மறுமுனையில் இருக்கிற நிபுணருக்கு அனுப்புகிற முறைக்கும் இ-சஞ்சீவனியில் இடம் இருக்கிறது, டாக்டரும் டாக்டரும் பேசுகிற அந்தப் பகுதி வீட்டு ஓபிடிக்கு முன்பே, 2019லேயே தொடங்கிவிட்டது. பெட்ஷீட்டை ஃபோகஸ் பண்ணும் மகனுக்குப் பதில் படம் எடுக்கத் தெரிந்த ஒருவர், முதுகைத் தொட ஒரு கை, இரண்டும் அங்கே கிடைக்கும். மூன்று மருந்து ட்யூப் கேட்டு மெடிக்கல் ஷாப்பில் நிற்கிறவரை அந்த நிலையத்துக்கு எப்படி வரவைப்பது என்பதைத்தான் அடுத்த கருத்துக்கணிப்பில் யாராவது கேட்க வேண்டும், அதுவும் கூகுள் படிவத்தில் இல்லாமல் கடை வாசலில் நின்று.